சாப்பாட்டோடு ஒரு குளிசை

கொழுப்பு எவ்வளவு உடைந்திருக்கிறது என்பதைத் துளித் துளியாக எண்ணிச் சம்பளம் வாங்கியவன் நான். கொட்டாஞ்சேனையில், துறைமுகத்துப் பக்கமாக இருந்த ஒரு சவர்க்காரத் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் முப்பத்தொரு வருடம் வேலை. வெள்ளவத்தையிலிருந்து போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். தேங்காய் எண்ணெய் பீப்பாய்களில் வந்து இறங்கும். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுத்து, மதுசாரத்தில் கலந்து, நிறங்காட்டி இரண்டு துளி விட்டு, மேலே பொருத்தியிருக்கும் கண்ணாடிக் குழாயின் திருகைத் திறந்து காரத்தைச் சொட்ட விடவேண்டும். எத்தனையாவது துளியில் கலவை இளஞ்சிவப்பாகி அப்படியே நிற்கிறதோ, அதை வைத்து எண்ணெய் எவ்வளவு பழுதாகிவிட்டது என்று சொல்லிவிடலாம். நல்ல எண்ணெய்க்குச் சில துளி போதும். காறல் பிடித்த எண்ணெய் குடித்துக்கொண்டே இருக்கும்.

அந்தக் காறல் கொழுப்பு உடைவதால் வருவது. ஒரு கொழுப்பு மூலக்கூறை மூன்று வால் கட்டிய பட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரமும் சூடும் பட்டால் வால்கள் ஒவ்வொன்றாக அறுந்து விழும். அறுந்த வால்தான் நாறும். பீப்பாயில் இது தானாக, மெதுவாக நடக்கிறது. தொழிற்சாலைக் கொப்பரையில் எரிகாரத்தைக் கொட்டிக் கொதிக்க வைத்து மூன்று வாலையும் ஒரே நாளில் அறுத்துவிடுவோம். அதுதான் சவர்க்காரம். உடம்பிலும் இதே வெட்டுத்தான், ஆனால் நெருப்பும் இல்லை, எரிகாரமும் இல்லை. ஈரலில் இருந்து வரும் பித்தம் எண்ணெயைச் சின்னச் சின்னத் துளிகளாகப் பிரிக்கும். பிறகு இரைப்பைக்குப் பின்னால் படுத்திருக்கும் கணையம் ஒரு சாற்றை அனுப்பி, மூன்று வாலில் இரண்டை வெட்டும். வெட்டினால்தான் கொழுப்பு குடற்சுவரைத் தாண்டி உள்ளே போகும். வெட்டாவிட்டால் வந்த வழியே கீழே போய்விடும்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும், மருந்து கொடுத்த ஏழு மாதத்தில் என் மனைவியின் உடம்பிலிருந்து ஆறு கிலோ இருநூறு கிராம் போவதை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கொப்பியில் எழுதிக்கொண்டு இருந்தேன். அது ஏன் போனது என்பதை எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

பத்து வருடமாக அவளுடைய நிறை ஐம்பத்து நான்கு கிலோ. முதலில் சட்டைகள் தொளதொளத்தன. பிறகு கையில் கிடந்த காப்புகள் முழங்கைவரை ஏறி இறங்கத் தொடங்கின. ஒரு நாள் பாத்திரம் கழுவும்போது ஒரு காப்பு கழன்று தொட்டிக்குள் விழுந்தது. அவள் அதை எடுத்து நூல் சுற்றிப் போட்டுக்கொண்டாள். வயிற்று நோவும் இருந்தது, ஆனால் அதை அவள் பெரிதாகச் சொல்லவில்லை. சொன்னது வேறொன்று.

"கக்கூசுக்கு மூண்டு தரம் தண்ணி அடிக்க வேண்டிக் கிடக்கு. போகுதில்லை. மிதக்குது."

மிதக்கிறது என்றதுமே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். தண்ணீரில் எது மிதக்கும்? நான் டாங்கியில் தண்ணீர் அமுக்கம் குறைவு என்று நினைத்து ஆளைக் கூப்பிட்டு டாங்கியைத் திருத்தினேன்.

மூன்று மாதம் கழித்துத்தான் கொழுப்பில் பிழை என்று பிடிபட்டது. பிடிபட்டதும் நான் செய்த முதல் வேலை, வீட்டில் தேங்காய்ப் பாலை நிறுத்தியது. செரிக்காததை ஏன் கொடுக்கவேண்டும்? இடியப்பத்துக்குச் சொதி இல்லை. கறி எல்லாம் தண்ணீரில் அவித்தது. அவள் எனக்கு மட்டும் தனியாக ஒரு சட்டியில் பால்விட்டுச் சமைத்தாள். நிறை நாற்பத்தேழுக்கு வந்தது.

காலி வீதியில் இருந்த ஒரு டொக்டரிடம் போனோம். ஸ்கான் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கணையம் இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளை வெள்ளையாகக் கற்கள். ஏன் வந்தது என்று கேட்டேன். சிலருக்கு வருகிறது என்றார். திரும்ப வேலை செய்யுமா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினார்.

"அப்ப கொழுப்பை முழுசா நிப்பாட்டட்டோ டொக்டர்?"

"நிப்பாட்டாதேங்கோ ஐயா. அவவுக்கு அது வேணும். சாமான் இருக்கு, வெட்டக் கத்திதான் இல்லை. கத்தியை நாங்கள் குடுப்பம். சாப்பாட்டோட ஒரு குளிசை. மூண்டு நேரமும்."

கத்தி என்றது எனக்குப் பிடித்தது. ஆய்வுகூடத்தில் நானும் அப்படித்தான் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வேன். வாசல்வரை வந்தவர் என்னை மட்டும் நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, "முப்பத்தெட்டுக்குக் கீழ போக விடாதேங்கோ. பிறகு மூக்கால குழாய் வைக்க வரும். இந்த வயசில அது நல்லதில்லை" என்றார்.

அன்றிலிருந்து முப்பத்தெட்டு என்ற எண் என்னோடேயே வந்தது. எங்கள் வீடு இருக்கும் நான்காம் மாடிக்கு எழுபத்திரண்டு படி ஏறும்போது முப்பத்தெட்டாவது படியில் கால் தயங்கும்.

குளிசை ஒரு சின்னக் கூடு. திறந்து பார்த்தால் உள்ளே கடுகிலும் சிறிய மண்ணிறக் குருணிகள். ஒரு கூட்டைத் திறந்து எண்ணப் பார்த்தேன். இருநூற்றுப் பத்துக்கு மேல் கண் கலங்கிவிட்டது. ஒவ்வொரு குருணிக்கும் ஒரு மெல்லிய பூச்சு. இரைப்பையின் புளிப்பில் அது கரையாது, குடலுக்குப் போனபிறகுதான் கரையும். பன்றியின் கணையத்தில் இருந்து எடுப்பது. அதை நான் அவளுக்குச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைகளில் மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவளிடம் எப்படிச் சொல்வது?

போத்தலை மேசையில் என் கதிரைக்குப் பக்கத்தில் வைத்தேன். அவளுக்கு மறதி, எனக்கு மறதி இல்லை என்பது எங்கள் வீட்டுத் தீர்ப்பு. காலை ஏழரை, பகல் பன்னிரண்டே முக்கால், இரவு எட்டு. நான் சாப்பிட உட்காருவேன். அவள் தட்டை வைப்பாள். நான் ஒரு குளிசையை அவளுடைய உள்ளங்கையில் வைத்து, தண்ணீர்க் குவளையையும் நீட்டுவேன். அவள் நின்றபடி விழுங்குவாள். நான் கொப்பியில் ஒரு கோடு போட்டுவிட்டுச் சோற்றில் கை வைப்பேன். ஒரு நேரம் தவறவில்லை. ஒன்பது நாள் கடைகளில் மருந்து கிடைக்கவில்லை, அந்த ஒன்பது நாளுக்கும் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருக்கிறேன்.

காலையில் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று கேட்பேன்.

"மிதக்குதோ?"

"மிதக்குது."

கொப்பியில் 'மி' என்று எழுதுவேன். இரண்டாம் மாதமும் 'மி'. மூன்றாம் மாதமும் 'மி'. ஒரு நாள் உள்ளேயிருந்து, "இண்டைக்குக் கப்பல் மாதிரி நிக்குது. துறைமுகத்துக்கு அனுப்பட்டோ?" என்றாள். கதவுக்கு இந்தப் பக்கம் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்கும் 'மி' என்றுதான் எழுதினேன்.

அந்த நாட்களில் எங்கள் தொடர்மாடியின் கழிவு நீர்க் குழாய் அடைத்துக்கொண்டது. கீழ் வீட்டுக் குசினித் தொட்டியில் எல்லாருடைய தண்ணீரும் பொங்கி வந்தது. குழாய் வேலைக்காரர் ஒருவர் வந்து, முற்றத்து மூடியைத் திறந்து, நீண்ட கம்பியை விட்டு இழுத்தார். வெள்ளையாக, கட்டி கட்டியாக ஒன்று வந்து விழுந்தது. நான் மேலேயிருந்து இறங்கிப் போய்ப் பார்த்தேன்.

"சபன் வகே, மஹத்தயா" என்றார். சவர்க்காரம் மாதிரி இருக்கிறது, ஐயா என்று.

மாதிரி இல்லை, சவர்க்காரமேதான். இருபத்துநான்கு வீட்டுக் குசினியிலும் ஊற்றிய எண்ணெய் இருட்டுக்குள் வால் அறுந்து, குழாய்ச் சீமெந்தின் சுண்ணாம்போடு சேர்ந்து கட்டியாகியிருக்கிறது. நாங்கள் கொப்பரை வைத்து, நெருப்பு மூட்டி, துளி எண்ணிச் செய்ததை அந்தக் கழிவு நீர்க் கான் தன்பாட்டில் செய்து வைத்திருந்தது. வீட்டு அலுமாரியில் மூடி சரியாக மூடாத எண்ணெய்ப் போத்தலும் தன்பாட்டில் காறிக்கொண்டிருந்தது. எங்கே பார்த்தாலும் கொழுப்பு உடைந்துகொண்டுதான் இருக்கிறது, கேட்டாலும் கேட்காவிட்டாலும். அவள் வயிற்றுக்குள்தான் உடையவில்லை. அந்த வெள்ளைக் கட்டியைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. வேலைக்காரர், மஹத்தயாவின் சாமான் ஏதும் உள்ளே விழுந்துவிட்டதா என்று கேட்டார்.

ஐந்தாம் மாதம் அவளுக்குப் பொழுதுபடும் நேரத்தில் கண் தெரியாமல் போயிற்று. மம்மல் நேரத்தில் சாமிப் படத்துக்கு முன் விளக்கேற்றும்போது எண்ணெயை விளக்குக்குள் விடாமல் பக்கத்துத் தட்டில் விட்டாள். நான் அதட்டினேன். "எண்ணெய் தட்டில போகுது, பாத்து விடும்" என்றேன். அவள் சேலைத் தலைப்பால் துடைத்தாள். அடுத்த நாளும் தட்டில்தான் விட்டாள். கொழுப்பு உள்ளே போகாவிட்டால் கண்ணுக்கு வேண்டிய விற்றமினும் போகாது என்பது நான் படித்ததுதான். அதட்டும்போது நினைவு வரவில்லை.

டொக்டர் கொப்பியை வாங்கிப் பார்த்தார். நிறை, குளிசை, மிதப்பு என்று மூன்று பத்தி. பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"சாப்பாட்டோடதானே குடுக்கிறீங்கள்?"

"ஓம் டொக்டர். ஒரு நேரமும் தவறேல்லை."

"உங்களைப்போல ஆக்கள் இருந்தா எங்களுக்கு வேலை லேசு" என்றார். பிறகு முகம் சுருங்கியது. மருந்து இவ்வளவு ஒழுங்காகப் போயும் நிறை விழுகிறதென்றால் வேறு ஏதும் இருக்கவேண்டும் என்றார். தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரத்தம் ஏழு போத்தலில் எடுத்தார்கள், சின்னப் போத்தல்தான். முடிவு வரப் பத்து நாள். அந்தப் பத்து நாளும் நான் இரண்டாம் மாடியில் நின்று மூச்சு வாங்கவேண்டி வந்தது. முடிவில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்பதில் சந்தோஷப்படவும் தெரியவில்லை. அவள் அப்போது நாற்பத்தொன்று.

இனி அந்தப் பல்லைப் பற்றிச் சொல்லவேண்டும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை எனக்கு ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பன்னிரண்டே முக்காலுக்குப் பழக்கத்தில் மேசையில் போய் உட்கார்ந்தேன். குளிசையைக் கொடுத்தேன். அவள் விழுங்கினாள். நான் கோடு போட்டேன். சாப்பிட முடியாததால் அப்படியே கதிரையில் இருந்து பத்திரிகையைப் பார்த்தேன். வழமையாகச் சாப்பிட்ட கையோடு உள்ளே போய்ப் படுத்துவிடுவேன். அன்று கட்டிலில் சரிந்தால் இரத்தம் தொண்டைக்குள் போகும் என்று பயம்.

அவள் குசினிக்கும் மேசைக்கும் நடந்துகொண்டிருந்தாள். ஒரு மணி ஆயிற்று. ஒன்றரை. இரண்டு மணி ரயில் கடற்கரைப் பக்கமாக இரைந்துகொண்டு போயிற்று.

"நீர் இன்னும் சாப்பிடேல்லையோ?" என்று பஞ்சுக்குள்ளால் கேட்டேன்.

"நீங்கள் சாப்பிடேல்லையே."

"எனக்குப் பல்லுப் பிடுங்கினது. உமக்கென்ன?"

"விறைப்புப் போகட்டும். கஞ்சி வச்சிருக்கிறன். நீங்கள் குடிச்சாப்பிறகு நான் சாப்பிடுறன்."

நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். இரண்டு பத்து. கோடு போட்டது பன்னிரண்டு நாற்பத்தைந்துக்கு. எண்பத்தைந்து நிமிடம்.

"மற்ற நாளில எத்தினை மணிக்குச் சாப்பிடுறனீர்?"

"நீங்கள் சாப்பிட்டாப்பிறகு."

"அது தெரியும். எத்தினை மணிக்கு?"

"மணி பாத்தோ சாப்பிடுறது? சட்டி முட்டி கழுவி, அடுப்படி துடைச்சு, ரெண்டு உடுப்பை நனைச்சுப் போட்டிட்டு இருந்து சாப்பிடுவன். ஏனப்பா, முகம் ஒரு மாதிரிப் போகுது? இரத்தம் வருதோ?"

ஐம்பத்தொரு வருடமாக அவள் நான் சாப்பிட்ட பிறகுதான் சாப்பிடுகிறாள். இது எனக்குத் தெரியாத ஒன்றல்ல. அவளுடைய தாயும் அப்படி, என்னுடைய தாயும் அப்படி. இதைத் தெரிந்து வைத்திருப்பது வீட்டில் சுவர் இருக்கிறது என்று தெரிந்திருப்பது போல. யாரும் சுவரை எண்ணுவதில்லை. டொக்டர் 'சாப்பாட்டோட' என்று சொன்னபோது என் காதில் விழுந்தது என்னுடைய சாப்பாடு. நான் என் சோற்றுக்கு முன்னால் இருந்துகொண்டு, என் சோற்றுக்கு உரிய நேரத்தில், அவளுக்கு மருந்து கொடுத்து வந்திருக்கிறேன்.

அன்று பின்னேரமே மருந்துக்கடைக்குப் போனேன். அங்கே இருக்கிறவர் மாளிகாவத்தைப் பக்கத்து முஸ்லிம் ஆள், நாற்பது வயது இருக்கும், என்னுடைய எண்ணுகிற பழக்கம் தெரிந்தவர். குளிசைப் போத்தலை வாங்கினால் அவருக்கு முன்னாலேயே கொட்டி எண்ணுவேன். அன்று எண்ணாமல் கேள்வி கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார்.

"சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முந்திக் குடுத்தால் என்ன நடக்கும், தம்பி?"

"ஒண்டும் நடக்காது அங்கிள்."

"கூடாததோ?"

"கூடாததும் நடக்காது, நல்லதும் நடக்காது. பஸ் முந்திப் போயிட்டு, ஆக்கள் பொறகு ஹோல்ட்டுக்கு வாராங்க. அப்ப பஸ் வெறும் பஸ்தானே. இது சோத்தோட சோறாப் போகணும். மொதல் வாயோட. யாரு அங்கிள் முந்திக் குடுக்கிற?"

ஒரு தெரிந்தவர் என்று சொல்லிவிட்டு வந்தேன். பல் பிடுங்கிய வாய் நல்ல சாட்டு, அவர் மேலே கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு நாள். மருந்து இல்லாத ஒன்பது நாளைக் கழித்தால் இருநூற்று மூன்று. நாளுக்கு மூன்று என்றால் அறுநூற்று ஒன்பது குளிசை. இரவில் மட்டும் நான் செய்தி பார்த்தபடி கெதியாகச் சாப்பிட்டு எழும்புவதால் இடைவெளி அரை மணிதான். இரவுக் குளிசைகள் கொஞ்சமாவது வேலை செய்திருக்கும் என்று வைத்துக்கொண்டால், வீணானவை நானூற்று ஆறு. நானூற்று ஆறு என்று எழுதி அடியில் கோடு இழுத்தேன். அறுநூற்று ஒன்பதைவிட அது குறைவு என்பதில் ஒரு கணம் ஆறுதல் வந்தது. அந்த ஆறுதலை நினைக்க இப்போது வெட்கமாக இருக்கிறது.

அவளிடம் சொன்னேன். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கொப்பியைத் திறந்து காட்டித்தான் சொன்னேன். அவள் கட்டில் விளிம்பில் இருந்து கேட்டாள். காப்பைத் தள்ளித் தள்ளி முழங்கைக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"நீராவது ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, சாப்பாட்டோடவெல்லோ எண்டு" என்றேன். கேட்டபிறகுதான் எவ்வளவு கெட்ட கேள்வி என்று விளங்கியது.

"நீங்கள் தந்தீங்கள், நான் விழுங்கினன். உங்கட கணக்குப் பிழைக்காது எண்டு நினைச்சன்."

அதில் கோபம் இல்லை. அவள் உள்ளதைச் சொன்னாள். பிறகு எழும்பிப் போய்க் கஞ்சியைச் சூடாக்கிக் கொண்டுவந்து எனக்கு வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கனடாவிலிருந்து மகள் வீடியோவில் வந்தாள். அவளிடமும் சொன்னேன். திரையில் அவள் முகம் உறைந்துவிட்டது. இணையம் நின்றுவிட்டதோ என்று போனைத் தட்டினேன்.

"அப்பா, நீங்கள் ரெண்டு பேரும் ஒரே நேரத்தில சாப்பிட்டு நான் ஒருநாளும் கண்டதில்லை" என்றாள். "என்ர கலியாணத்தில கூட அம்மா கடைசிப் பந்தி."

"அப்ப நீ ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் என்னைக் கேட்டனீங்களோ? கொப்பியை டொக்டருக்குக் காட்டினீங்கள்."

"அப்பாவைப் பேசாதை. பல்லுப் பிடுங்கின வாய்" என்று பக்கத்திலிருந்து மனைவி சொன்னாள். அவளுக்கு அன்று நிறை நாற்பது கிலோ எண்ணூறு. முப்பத்தெட்டுக்கு இன்னும் இரண்டு கிலோ எண்ணூறு இருந்தது.

பிழை தெரிந்துவிட்டால் திருத்துவது லேசு என்றுதான் நானும் நினைத்தேன். ஆய்வுகூடத்தில் அப்படித்தான். துளி கூடிவிட்டால் கவிழ்த்து ஊற்றிவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம்.

முதல் நாள் அவளுக்கும் ஒரு தட்டு வைத்து எதிரே இருக்கச் சொன்னேன். குளிசையை விழுங்கினாள், ஒரு வாய் வைத்தாள். அடுத்த நொடி எழும்பி எனக்கு உப்புக் கொண்டுவந்தாள். இருந்தாள். எழும்பிச் சம்பல் கொண்டுவந்தாள். பிறகு தண்ணீர், பிறகு அடுப்பில் எதையோ மறந்துவிட்டாளாம். அந்த ஒரு சாப்பாட்டில் பதினொரு தரம் எழும்பினாள். நான் கையைக் கழுவும்போது அவள் தட்டில் நான்கு வாய் சோறு குறைந்திருந்தது. நான்கு வாய்க்கு ஒரு குளிசை. அதுவும் பஸ் போனமாதிரித்தான்.

மூன்றாம் நாள் எல்லாவற்றையும் மேசையில் அடுக்கி வைத்து, "ஒருதரும் எழும்புறேல்லை" என்றேன். அவள் இருந்தாள். என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் சோறு குறையும்போதெல்லாம் அவள் கை அகப்பைக்குப் போயிற்று. தன் தட்டில் பிசைந்து வைத்தது அப்படியே காய்ந்தது.

ஆறாம் நாள் நானே பரிமாறப் போனேன். குசினியில் அகப்பை எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. பதினெட்டு வருடம் இந்த வீட்டில் இருக்கிறேன், நான்கு இழுப்பறை, மூன்றைத் திறந்துவிட்டேன். பிறகு சொதிச் சட்டியைத் துணி இல்லாமல் தூக்கி, சொதியை நிலத்தில் ஊற்றினேன். அவள் அதைத் துடைத்து முடிக்க இருபது நிமிடம். குளிசை அதற்கு முன்னாலேயே உள்ளே போயிருந்தது.

"நீர் முதலில சாப்பிடும். நான் பிறகு சாப்பிடுறன்" என்று ஒரு நாள் மாற்றிப் பார்த்தேன்.

"உங்களைப் பசியோட வச்சிட்டு எனக்கு இறங்குமோ?"

"இறங்கும். இரும்."

இருந்தாள். நான் எதிரே இருந்து பார்த்தேன். எனக்கே தெரியாமல் உதடு அசைந்திருக்கவேண்டும். ஏழாவது வாயில் கையை நிறுத்தினாள்.

"எண்ணாதேங்கோ."

"எண்ணேல்லை."

"வாய் அசையுது. எண்ணுற சோறு உடம்பில ஒட்டாது. கண்ணூறு."

நான் விஞ்ஞானம் படித்தவன். கண்ணூறு என்றால் சிரிப்பவன். ஆனால் எண்ணிய இவ்வளவு காலமும் ஒட்டவில்லை என்பது என் கொப்பியிலேயே இருக்கிறது.

கடைசியில் கதிரையைத் திருப்பிப் போட்டேன். இப்போது நான் மேசைக்கு முதுகு காட்டி, தட்டை மடியில் வைத்துக்கொண்டு, யன்னலைப் பார்த்துச் சாப்பிடுகிறேன். எதிரே இரண்டு தொடர்மாடிகளுக்கு நடுவில் ஒரு முழம் அகலத்துக்குக் கடல் தெரியும். அவள் எனக்குப் பின்னால் மேசையில் இருந்து சாப்பிடுகிறாள். நான் சாப்பிடுகிறேன் என்று அவளுக்குத் தெரிகிறது, என் தட்டு அவளுக்குத் தெரியவில்லை. அவள் சாப்பிடுகிறாள் என்று எனக்குத் தெரிகிறது, அவள் வாய் எனக்குத் தெரியவில்லை. மகள் வீடியோவில் இதைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, கோபத்தில இருக்கிற ஆக்கள் மாதிரி" என்றாள். இருபத்தொரு நாளாக இப்படித்தான். குளிசையை அவளே எடுக்கிறாள், முதல் வாயோடு. கொப்பியில் கோடு போடுவதை விட்டுவிட்டேன். நிறையை மட்டும் பார்க்கிறேன்.

திருப்பிப் போட்ட முதல் வெள்ளி நாற்பது கிலோ இருநூறு. அடுத்த வெள்ளி முப்பத்தொன்பது கிலோ தொளாயிரம். நேற்று வெள்ளி, அதே முப்பத்தொன்பது கிலோ தொளாயிரம். விழவில்லை. ஏறவும் இல்லை. ஒரு கிழமை விழாமல் நின்றதை வைத்து எதுவும் சொல்லமுடியாது என்றார் டொக்டர். கொப்பியை இந்தமுறை கொண்டுபோகவில்லை. என்ன பிழை நடந்தது என்று அவரிடம் சொன்னேன். "நானும் ஆர் சாப்பாடு எண்டு கேக்கேல்லை ஐயா" என்றார். கண்ணுக்கும், அதேபோல விற்றமின் போகாமல் தேய்ந்த எலும்புக்கும் தனியாக மருந்து எழுதினார். எலும்பில் போனது போனதுதான் என்று அவர் சொல்லாமலே எனக்குத் தெரியும். 'மி' இப்போது எப்படி என்று அவளிடம் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

எண்ணுவதை விட்டுவிட்டேன் என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். அது முழு உண்மையில்லை. ஒவ்வொரு வாய்க்கும் அவள் கையைத் தூக்கும்போது நூல் சுற்றிய காப்பு வழுகி முழங்கைக்குப் போகும், இறக்கும்போது திரும்ப வந்து தட்டு விளிம்பில் இடிக்கும். சின்னச் சத்தம். கடலைப் பார்த்துக்கொண்டு அதைக் கேட்கிறேன். உதட்டை இறுக்கி மூடிக்கொள்கிறேன். முதுகுப் பக்கத்தில் உதடு தெரியாதுதான், இருந்தாலும்.

இன்று பகல் பதின்மூன்று வரை வந்தது. இந்த இருபத்தொரு நாளில் அதுதான் ஆகக் கூடியது. பதினான்காவதுக்குக் காத்திருந்தேன். என் தட்டில் சோறு இன்னும் பாதி இருந்தது, அதை வேண்டுமென்றே மெதுவாகச் சாப்பிடுகிறேன், அவள் நேரம் எடுக்கட்டும் என்று. சத்தம் வரவில்லை. திரும்பிப் பார்க்கக்கூடாது. இரண்டு கட்டிடத்துக்கும் நடுவால் ஒரு கப்பல் போயிற்று, தெற்குப் பக்கமாக.

"இஞ்சாருங்கோ, உங்களுக்குக் கொஞ்சம் சொதி விடட்டோ?"

"வேண்டாம். தட்டில கிடக்கு. நீர் இரும்."

"பாவம், வெறுஞ்சோறாச் சாப்பிடுறியள்."

"இரும் எண்டு சொல்லுறன்."

எனக்குப் பின்னால் கதிரை நிலத்தில் பின்னுக்கு இழுபடும் சத்தம் கேட்டது.